விலகல் கடிதம்

பூட்டானின் மலைகள் பனி போர்த்து மௌன நோன்பிருந்தன. கல்லூரியின் ஆப்பிள் மரங்கள் இலைகளைத் துறந்தன. ஆசிரியர்களும் ஒவ்வொருவராய் ஆஸ்திரேலியாவுக்கு உதிர்ந்துகொண்டிருந்தனர்.

விரிவுரையாளர் செல்தன் தன் விலகல் கடிதத்தை முதல்வர் ரிக்சினிடம் நீட்டினாள்.

"போனவங்க மூணு பேரோட பாடத்தையும் நானே நடத்துறேன். முடியல ஐயா. பெர்த்துல பாத்திரம் கழுவினாலும் நிம்மதியாத் தூங்கலாம்."

"தாராளமாப் போம்மா. ஆனா இதுல நான் கையெழுத்துப் போட முடியாது."

"ஏன் ஐயா?"

"என் விலகலக் காலையிலதான் ஏத்துக்கிட்டாங்க. இருக்கிறதுல மூத்தவ நீதான். இனி முதல்வர் கையெழுத்து உன்னோடது."

"நீங்க எங்க போறீங்க?"

"பெர்த்துக்குத்தான். பாத்திரம் கழுவ."

செல்தன் கடிதத்தைக் கையெழுத்திடாமல் மடித்தாள். அறை மூலையில் இருந்த புத்தர் சிலை முன் மங்கி எரிந்த விளக்கில் வெண்ணெய் இட்டுத் திரியைத் தூண்டினாள்.

"நல்லபடியாப் போயிட்டு வாங்க, ஐயா."