குடிக்காமல் வைத்த காப்பி

"ஏங்க, பாத்தீங்களா? அந்தப் பொண்ணு காப்பியைத் தொடாம கீழ வெச்சிட்டா!"

பேரீச்சம்பழம் எடுக்கச் சமையலறைக்குள் வந்த ஃபவாஸுக்கு, மனைவி இன்திஸார் கிசுகிசுத்ததும் தூக்கிவாரிப் போட்டது. திரையை விலக்கிப் பார்த்தார். உண்மைதான். கூடத்தில் இல்திகோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹங்கேரியிலிருந்து ஜோர்டானுக்கு அரபி படிக்க வந்து, ஒரு வருஷமாக அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவள். அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறாள்.

அவர்களுடைய கராக் ஊரில் விருந்தாளி காப்பியைக் குடிக்காமல் வைத்தால், ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். "குடிங்க, கேட்டது கிடைச்சாச்சு" என்று வீட்டுப் பெரியவர் சொன்ன பிறகுதான் கோப்பையைத் தொடுவார். சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது. பெண் கேட்டால் கொடுத்தாக வேண்டும். கொலைப்பகை என்றாலும் மன்னித்தாக வேண்டும்.

ஏற்கெனவே வீட்டில் ரகளை. மகள் ராயாவுக்கு ஹங்கேரியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஃபவாஸ் ஒரே பேச்சாக முடியாது என்றுவிட்டார். ராயா அவரோடு பேசுவதில்லை. இன்திஸார் மட்டும் அவர் கட்சி. "நீங்க சொல்றதுதாங்க சரி. முகம் தெரியாத ஊர்ல பொண்ணுக்கு யாரு சோறு போடுவா?" என்று நாள்தோறும் ஒத்து ஊதினாள்.

"ஒருவேளை மாப்பிள்ளை கேட்டு வந்திருக்காளோ? நம்ம பையன் குசையைப் பாத்து சிரிச்சுக்கிட்டே இருப்பாளே!" ஃபவாஸுக்கு வேர்த்துவிட்டது.

"அட, நீங்க வேற! உங்க புள்ளை மூஞ்சிக்கு ஹங்கேரியிலிருந்து வரணுமாக்கும்! பாவங்க, அதுக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும்? ஆறட்டும்னு வெச்சிருக்கும். சும்மா ஒப்புக்குச் சொல்லிடுங்க, குடிக்கட்டும்."

அதுவும் சரிதான் என்று பட்டது. ஃபவாஸ் கூடத்துக்கு வந்து பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"குடிம்மா! நீ கேட்டு வந்தது கிடைச்சாச்சு!"

இல்திகோ ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தாள்.

"மாமா, ராயாவைப் படிக்க அனுப்புங்க. எங்க வீட்டுல எங்கம்மாகூடத் தங்கட்டும்."

ஃபவாஸ் காலிக் கோப்பையை எட்டிப் பார்த்தார்.

"நான் கிளம்பறப்ப எங்கம்மாவும் அழுது ஊரைக் கூட்டினாங்க மாமா. முகம் தெரியாத ஊர்ல யாரு உன்னைப் பாத்துக்குவான்னு. இப்ப பாருங்க, கொண்டு வந்த சட்டை ஒண்ணும் எனக்குப் பத்தலை! எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீங்க கடையைச் சாத்திட்டு ஆஸ்பத்திரியிலயே கிடந்தீங்க. அதைக் கேட்டுட்டு அம்மா சொன்னாங்க, 'அவங்க பொண்ணை நம்ம வீட்டுக்கு அனுப்பச் சொல்லு'ன்னு."

தன் வீடும் யாரோ ஒரு தாய்க்கு முகம் தெரியாத ஊர்தான் என்று ஃபவாஸுக்கு இதுவரை தோன்றியதே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, வாக்குக் கொடுத்தாச்சு. போயிட்டு வரட்டும். ஆனா இந்தக் காப்பி வித்தையை உனக்குச் சொல்லிக் கொடுத்தது ராயாதானே?"

"ஐயோ, அவளுக்கு எதுவுமே தெரியாது மாமா!" இல்திகோ சமையலறைப் பக்கம் பார்த்துச் சிரித்தாள். "அத்தைதான் தினமும் மாடிக்கு வந்து, உங்க குரல்லயே 'குடிம்மா'ன்னு சொல்லிச் சொல்லி என்கூட ஒத்திகை பாத்தாங்க!"