நீதிபதி அக்காவின் ஓட்டு

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். அதுக்காக அந்தக் குஞ்சை நம்ம தலையில கட்டணுமா?"

வயோலாக்காரர் போட்ட சத்தத்தில் ஒத்திகை அறையே திரும்பிப் பார்த்தது.

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. வயலின், வயோலா, செல்லோ என்று பன்னிரண்டு பேர் கொண்ட அந்தத் தந்தி இசைக்குழு, ஆரம்பித்த நாளிலிருந்து முதல்முறையாக வெளிநாடு கிளம்புகிறது. சீசன் தொடக்கத்தில் உள்ளூரில் நான்கு கச்சேரி, அப்புறம் கடல் தாண்டி ஆறு நகரம். இந்த நேரம் பார்த்து, செல்லோ வாசிக்கிற ஒருவர் மணிக்கட்டு வலி என்று விலகிவிட்டார். அந்த நாற்காலிக்குத்தான் இன்று தேர்வு.

தேர்வு என்றால் ஏனோதானோ தேர்வு இல்லை. வாசிக்கிறவர் திரைக்குப் பின்னால், கேட்கிற நாலு பேர் திரைக்கு முன்னால். பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான். செருப்புச் சத்தத்தை வைத்து ஆள் இன்னார் என்று கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று தரையில் கம்பளம் வேறு. எல்லோரும் வாசித்து முடித்ததும், நாலு பேரும் தனித்தனியாக மேனேஜர் காதில் ஒரு நம்பரைச் சொல்ல வேண்டும்.

இந்த ஏற்பாடெல்லாம் குழுவின் தலைவி, முதல் வயலின் வாசிக்கிற அம்மாள் கொண்டுவந்தது. "சிபாரிசுங்கிற வார்த்தையே இந்த அறைக்குள்ள நுழையக் கூடாது" என்பார். அதனாலேயே அவருக்கு 'நீதிபதி அக்கா' என்று பேர். வயோலாக்காரருக்கு அதில் தலைகொள்ளாத பெருமை. எங்கே போனாலும், "எங்க குழுவுல திறமைக்கு மட்டும்தான் கதவு திறக்கும்" என்று மார்தட்டிக்கொள்வார்.

அக்காவின் மகனும் போட்டியில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். "நீங்க ஓட்டுப் போடலாமாக்கா?" என்று ஒருவர் இழுத்ததற்கு, "பின்னே திரை எதுக்கு இருக்காம்?" என்று கேட்டுவிட்டு அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடைசியில் மேனேஜர், "ரெண்டாம் நம்பர்" என்று அறிவித்தார். திரையை விலக்கினால், செல்லோவை அணைத்துக்கொண்டு நிற்கிறான் அக்காவின் மகன்!

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"பாருங்க, முகமே காட்டிக் கொடுக்குது!" வயோலாக்காரர் விடவில்லை. "ஏன்க்கா, ஒரு திரையைத் தொங்கவிட்டா பெத்த பிள்ளையோட வாசிப்பு தெரியாமப் போயிடுமா? இதுக்கு நேராவே கூட்டிட்டு வந்து நாற்காலியில உட்கார வச்சிருக்கலாமே!"

 மேனேஜர் குறுக்கே வந்தார்.

"அண்ணே, கொஞ்சம் மூச்சு விடுங்க. என் காதுல நீங்க எந்த நம்பர் சொன்னீங்க?"

"அது வந்து... ரெண்டு."

"ஏன் சொன்னீங்க?"

"அவன்தானே நல்லா வாசிச்சான்!"

"மத்த ரெண்டு பேரும் அதேதான் சொன்னாங்க. அக்கா ஒருத்தங்கதான் வேற நம்பர் சொன்னாங்க. நாலாம் நம்பர்."

 மூலையிலிருந்து யாரோ கை தட்ட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

வயோலாக்காரர் அசடு வழிய அக்காவிடம் வந்தார். "மன்னிச்சிடுங்கக்கா. நரம்பில்லாத நாக்கு, கண்டபடி பேசிடுச்சு."

"விடுப்பா." அக்கா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எப்படிக்கா விடுறது? பெத்த பிள்ளைக்கே ஓட்டுப் போடாத தலைவி வேற எந்த ஊர்ல இருக்காங்க? சீசன் நிகழ்ச்சிப் புத்தகத்துல முதல் பக்கமே இதுதான். போற ஆறு நகரத்துலயும் படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும், நாங்க எப்பேர்ப்பட்ட குழுன்னு!"

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்!" அக்கா வெடுக்கென்று சொன்னார்.

'நிறைகுடம் தளும்புமா?' என்று வயோலாக்காரர் பூரித்துப் போனார். பூரிப்பு தாங்காமல், செல்லோவைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த பையனிடம் போனார்.

"தம்பி, உங்கம்மா உனக்கு ஓட்டுப் போடலைன்னு மனசுல ஒண்ணும் வச்சுக்காதே. பெருமைப்படணும், தெரிஞ்சுதா?"

பையன் சிரித்தான். "நீங்க வேற மாமா! அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னுதானே அப்படி வாசிச்சேன். மெதுவா வர்ற பகுதியில ஒரு சுரத்துலேருந்து அடுத்ததுக்கு விரலைச் சறுக்கிக்கிட்டே போறது அம்மா பாணி. வீட்ல நானும் அப்படித்தான் வாசிப்பேன். இன்னிக்கு வேணும்னே அதை விட்டுட்டேன். அம்மா பிள்ளைங்கிறதுக்காக ஒரு ஓட்டுகூட விழக் கூடாதுன்னு தோணுச்சு."

வயோலாக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேட்டீங்களாக்கா? தாய் எட்டடி பாய்ஞ்சா குட்டி பதினாறடி! உங்க ரெண்டு பேரைப் பத்தியுமே புத்தகத்துல போட்டுடுறேன்!"

அக்கா மகனின் பக்கத்தில் வந்து அவன் கன்னத்தைத் தொட்டார்.

"இவனைப் பத்திப் போடுப்பா, தாராளமாப் போடு. என்னைச் சேர்க்காதே" என்றார் மெல்ல. "அந்த இடத்துல நாலாம் நம்பர் விரலைச் சறுக்கிச்சு. அதான் என் பிள்ளைன்னு நினைச்சுத்தான் நான் ஓட்டுப் போட்டேன்."