ஒரு சைஸ் பெரிய ஷூ

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி, போட்டிக் கம்பெனிகளின் விளம்பரங்களை அலசிச் சொல்லும் ஏ.ஐ. ஏஜென்ட் ஒன்றை வாங்கியிருந்தது. அது சொல்வது சரியா தவறா என்று குறிப்பதுதான் ஜெசிந்தாவின் வேலை. சோதிக்க ஒரு வீட்டு விலாசம் கேட்டது. தன் வீட்டு விலாசத்தையே கொடுத்தாள்.

ஏஜென்ட் எழுதியது: “பள்ளிக் குழந்தை உள்ள வீடுகளுக்கெல்லாம் போட்டிக் கம்பெனி அடுத்த வருடத்து ஷூ விளம்பரத்தை அனுப்பிவிட்டது. இந்தத் தெருவில் இந்த வீட்டுக்கு மட்டும் அனுப்பவில்லை. இங்குள்ள குழந்தைக்கு அடுத்த வருடம் ஷூ தேவைப்படாது என்று அது கணித்திருக்கிறது.”

மகள் நிவியாவுக்குக் கொஞ்ச நாளாகக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. வைரல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜெசிந்தா ‘தவறு’ என்று குறித்தாள்.

மேனேஜர் முரளி எட்டிப் பார்த்தார். அது யார் வீடு என்று அவருக்குத் தெரியாது.

“ஏங்க தப்புன்னு போட்டீங்க? அந்தக் கம்பெனிக்காரங்க கணக்கு இதுவரைக்கும் தப்பினதே இல்ல. நம்ம ஏஜென்ட் கரெக்டாத்தான் படிச்சிருக்கு. மாத்திடுங்க. நம்மளும் அந்த வீட்டுக்கு விளம்பரம் அனுப்ப வேணாம், வேஸ்ட்.”

மாற்றினாள்.

சாயங்காலம் கம்பெனிக் கடையிலேயே ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நிவியா கட்டிலில் உட்கார்ந்தபடியே காலை நுழைத்து ஆட்டினாள். ஷூ கழன்று தரையில் விழுந்தது.

“எப்பவும் போல பெருசா வாங்கிட்டியாம்மா? பரவால்ல, அடுத்த வருஷம் கரெக்டா இருக்கும்.”