ஒற்றைப்பல் எந்தப் பக்கம்

ஹெலிகாப்டர் எங்கள் நால்வரையும் தெற்கு முகட்டில் இறக்கிவிட்டுப் பள்ளத்தாக்கில் மறைந்தது. இனி நான்கு மணிக்குத்தான் வரும்.

எதிரே ஒற்றைப்பல் சிகரம் அடி முதல் உச்சிவரை வெயிலில் நின்றது. தோளில் துருத்திக்கொண்டிருக்கும் கறுப்புப் பாறையால் வந்த பெயர். கீழே ஹெய்ன்ஸ் ஊரிலிருந்து பார்த்தால் தெரியாது. பறந்து வந்தால்தான் உண்டு.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே ஏப்ரலில், அந்தச் செங்குத்துச் சுவரில் முதன்முதலாகப் பனிப்பலகையில் இறங்கிய படம் ஷேனை உலகமெங்கும் கொண்டுபோனது. முப்பத்தெட்டு விநாடி. வெள்ளைச் சுவரில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சிவப்புச் சட்டை.

என் மகள் ஒன்பது வயதில் அந்தப் படத்தின் சுவரொட்டியைத் தன் கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்தாள். நான்கு மூலையிலும் டேப் ஒட்டிக் கொடுத்தது நான்தான்.

படத்தை எடுத்த க்ரேடி இப்போது அந்த முப்பத்தெட்டு விநாடியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கிறார். அன்றும் நான்தான் வழிகாட்டி, இன்றும் நான்தான். கயிறு சுமப்பேன். பனியைச் சோதிப்பேன். எங்கே நிற்கலாம், எங்கே கூடாது என்று சொல்வேன்.

அன்று படம் எடுத்தது இந்த முகட்டிலிருந்துதான். ஆனாலும் க்ரேடிக்கு இங்கே வர இஷ்டமே இல்லை. வடக்கு முகட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று மூன்று நாள் ஒற்றைக்காலில் நின்றார். அங்கே பனி சரியும் என்றேன். மலையில் வழிகாட்டி சொன்னால் சொன்னதுதான். விமானி அந்தப் பக்கம் போகவே மறுத்துவிட்டார்.

உண்மையில் வடக்கு முகட்டில் பனி கல்லாக இறுகிக் கிடந்தது.

ஷேனுக்கு நாற்பத்தொன்பது வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. பையின் மேல் உட்கார்ந்து, அன்றைக்கு உச்சியில் நெஞ்சு எப்படி அடித்தது என்று கேமராவுக்குச் சொன்னான். நூறு மேடையில் சொன்ன கதை. எங்கும் தடுக்கவில்லை. காலையிலிருந்து என் முகத்தை மட்டும் அவன் பார்க்கவில்லை.

பிறகு கேமராப்பெண் தெஸ்ஸா ஒரு யோசனை சொன்னாள். பழைய படம் மெல்லக் கரைந்து இன்றைய மலையாக மாற வேண்டும். இரண்டும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். க்ரேடி நேரமில்லை என்றார்.

"நாலு மணி வரைக்கும் இங்க சும்மாதானே உக்காந்திருக்கப் போறோம்?" என்றாள்.

டேப்லெட்டில் பழைய படத்தை வைத்துக்கொண்டு கேமராவை இடம் மாற்றி மாற்றிப் பார்த்தாள். இருபதடி கீழே போனாள். மறுபடி மேலே வந்தாள். பொருந்தவில்லை. படத்தில் கறுப்புப் பாறை வலது தோளில் இருந்தது. மலையில் இடது தோளில்.

முகடு மாறி வந்துவிட்டோமோ, கோரின், என்று என்னைக் கேட்டாள். அப்போதைய லென்ஸ் வேறு, அதனால்தான் என்றார் க்ரேடி.

"எந்த லென்ஸுங்க பாறையத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கும்?"

நான் குடுவையைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டேன்.

தெஸ்ஸா டேப்லெட்டைக் கையில் எடுத்தாள். பிறகு கண்ணாடியில் தெரிவதுபோலப் பழைய படத்தை இடவலம் மாற்றினாள். மலைமேல் மலை அப்படியே உட்கார்ந்தது.

படத்தில் இருந்த ஆளுக்கும் இடவலம் மாறிவிட்டது. இத்தனை வருஷம் இடதுகாலை முன்னால் வைத்து இறங்கிக்கொண்டிருந்த சிவப்புச் சட்டை இப்போது வலதுகாலை முன்னால் வைத்திருந்தது.

எழுதுகிற கை மாதிரிதான் அது. பனிப்பலகையில் ஒருவருக்கு எந்தக் கால் முன்னால் என்பது கடைசிவரை மாறாது. ஷேனுக்கு இடதுகால். மூன்று வாரமாக அவனைப் படம்பிடிக்கிற தெஸ்ஸாவுக்கு அது தெரியும். காலையில் நான் சரிவைச் சோதிக்கப் பனிப்பலகையில் இறங்கியதையும் அவள்தான் படம் எடுத்திருந்தாள்.

ஓடிக்கொண்டிருந்த கேமராவை மெல்ல என் பக்கம் திருப்பினாள்.

அன்றைக்கு ஷேன் ஹெலிகாப்டருக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். க்ரேடி அவன் சட்டையைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். எங்கள் இருவருக்கும் ஒரே உயரம். முன்னால் வைக்கிற கால் மட்டும் வேறு, அதனால் பிறகு படத்தை இடவலம் திருப்பிவிட்டார். அடுத்த படம் உன்னுடையது என்றார். அப்படியொரு படம் வரவேயில்லை.

கேமராவை நிறுத்தச் சொன்னார் க்ரேடி. தெஸ்ஸா நிறுத்தவில்லை. பேசியது ஷேன்தான், தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு.

"வயித்துவலின்னு சொன்னேன். வலியெல்லாம் இல்ல, பயம். இறங்கினது கோரின்."

அவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

க்ரேடி என் அருகே வந்து, அவளிடம் என்ன சொல்லிவைத்தாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். நான் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன். நடந்ததை வாயாலோ எழுத்தாலோ யாரிடமும் சொல்லமாட்டேன் என்று, அன்று சாயங்காலம் அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டவள் நான். பெற்ற மகளிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு நாளும் அதை மீறியதில்லை.

தெஸ்ஸாவைப் பார்த்து என் காதைத் தொட்டுக் காட்டினேன். பிறகு உள்ளங்கையை விசிறிபோல ஆட்டினேன். காற்று இரைச்சல், குரல் சரியாகப் பதிவாகியிருக்காது.

அவள் தலையசைத்துவிட்டு, தயவுசெய்து இன்னொரு தடவை, கேமராவைப் பார்த்து, என்று ஷேனைக் கேட்டுக்கொண்டாள்.

அவன் நிமிர்ந்து இன்னொரு தடவை சொன்னான்.

காலையிலிருந்து அந்த முகட்டில் காற்றே இல்லை.