ஓடாத கிலோமீட்டர்

"எம் புருஷனச் சட்டையப் பிடிச்சு வெளிய தள்ளுததுக்கு உங்களுக்கு யாரு உரிமை குடுத்தா அண்ணாச்சி?"

அனுசியா செருப்பைக்கூடக் கழற்றாமல் அலுவலகத்துக்குள் நுழைந்தாள். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையை நனைத்தது.

மேஜைக்குப் பின்னால் இருந்த சிவசைலம் நிமிர்ந்து பார்த்தார். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு வேன் வாடகைக்கு விடுவது அவர் தொழில். அதில் ஒரு வேனை ஓட்டியவன் அனுசியாவின் கணவன் இசக்கிமணி. அன்று காலையில்தான், மற்ற டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு விரட்டியிருந்தார்.

"களவாண்டவனுக்கு மாலையா போடுவாவ?"

"என்னத்தக் களவாண்டாவ? சொல்லுங்க, நானும் கேக்கேன்."

"வண்டிய. ஆறு மணிக்கு ஷெட்டுல விட்டுட்டு, பெறவு எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயி தனியா வாடகைக்கு ஓட்டியிருக்கான்."

"நீங்க கண்ணால பாத்தியளா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? வண்டியில ஜி.பி.எஸ். இருக்கு, அது பாக்கும். ஏம்மா ஸ்வாதி, அந்த ரெண்டு ரிப்போர்ட்டையும் காட்டு."

கணினி முன்னால் இருந்த ஸ்வாதி திரையைத் தயக்கத்தோடு திருப்பினாள். "டிரிப் ரிப்போர்ட்டுல போன மாசம் மூவாயிரத்து நூறு கிலோமீட்டர்க்கா. டெய்லி ரிப்போர்ட்டுல மூவாயிரத்து முந்நூறு வருது."

"ஒரே வண்டி, ஒரே மாசம்" என்றார் சிவசைலம். "நடுவுல இருநூறு கிலோமீட்டர் எங்க போச்சு?"

"ஒரே மிஷினு ரெண்டு கணக்குச் சொன்னா மிஷினுதான பொய் சொல்லுது? அதுகிட்டக் கேக்க வக்கில்ல, மனுஷனப் பிடிச்சுத் தள்ளுதிய."

"ஆறு மணிக்கு மேல அவன் எங்க இருந்தாமுன்னு உனக்குத் தெரியுமா?"

"வீட்டுல இருந்தாவ. பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்துட்டு இருந்தாவ. எந்தக் கோயில்ல வந்து சொல்லணும்?"

அவள் குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. இங்கே ஒரு வார்த்தை தடுமாறினால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"பேச்சுல எல்லாரும் யோக்கியந்தான் தாயி. நீ கெளம்பு."

அந்த அலட்சியம் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். ஸ்டாண்டில் இருந்த பேனாக்கள் உருண்டன.

"கெளம்பி எங்க போக? நீங்க திருடன்னு சொல்லி அனுப்பிட்டிய. இனி இந்தத் தென்காசியில எவன் அவிய கையில வண்டியக் குடுப்பான்? பள்ளிக்கூடத்துல எம் பிள்ளைய என்ன சொல்லிக் கூப்பிடுவானுவ?" அவள் ஸ்வாதியின் பக்கம் திரும்பினாள். "அவிய வண்டிய மட்டும் ஏன் பாக்கே? எல்லா வண்டியையும் பாரு. மத்ததுல எல்லாம் கணக்குச் சரியா இருந்துச்சுன்னா நான் வாயப் பொத்திட்டுப் போயிருதேன்."

"பாரு, பாரு" என்றார் சிவசைலம். "இவ வாய் அப்பவாவது அடங்குதான்னு பாப்போம்."

ஸ்வாதி ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஓரிடத்தில் அவள் விரல் நின்றது. மறுபடியும் அழுத்திப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, எஞ்சின இறக்கிப் போட்டிருக்கோமே, அந்தப் பழைய வேன்... அது போன மாசம் நூத்தித் தொண்ணூறு கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு காட்டுது."

சிவசைலம் திரையை எட்டிப் பார்த்தார். அந்த வேன் இரண்டு மாதமாக டயர்கூட இல்லாமல் செங்கல் அடுக்கின் மேல் நிற்கிறது.

ஸ்வாதி ஜி.பி.எஸ். கம்பெனிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். மறுமுனையில் இருந்தவர் நிதானமாகச் சொன்னார்.

"டிரிப் ரிப்போர்ட், சாவி போட்டு ஓடுன தூரத்த மட்டும்தான் எடுக்கும் மேடம். டெய்லி ரிப்போர்ட் அப்படி இல்ல. மேப்ல புள்ளி கொஞ்சம் நகர்ந்தாலும் கூட்டிக்கும். உங்க ஷெட் மலையடிவாரத்துல, தகரக் கூரைக்குக் கீழ இருக்கு. சிக்னல் சரியாக் கெடைக்காது. வண்டி நின்னாலும் புள்ளி அங்கயும் இங்கயும் குதிக்கும். அந்தக் குதிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் உங்க இருநூறு."

போனை வைத்துவிட்டு ஸ்வாதி வரைபடத்தைப் பெரிதாக்கினாள். சிக்கல் விழுந்த நூல்கண்டு மாதிரி ஷெட்டைச் சுற்றியே கோடுகள்.

"பாருங்கக்கா, ஆறு மணிக்கு மேல சாவியே போடல. கோடு ஒண்ணுகூட ஷெட்டத் தாண்டல."

அனுசியா குனிந்து திரையையே பார்த்தாள். சற்று முன்பு இருந்த சத்தம் அவளிடம் இல்லை.

"நல்லாப் பாரும்மா. ஒரு நாள்கூட வெளிய போகலையா?"

"ஒரு நாள்கூட இல்லக்கா."

"அதுக்கு முந்துன மாசம்?"

"அப்பவும் இல்ல."

சிவசைலம் எழுந்து நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது. "தப்பு எம்பேர்லதாம்மா. கோவத்துல கை நீட்டிட்டேன். நாளைக்குக் காலைல அவன வரச் சொல்லு. எல்லாரு முன்னாலயும் நானே சாவியக் குடுக்கேன்."

 அனுசியா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

எதிரே டீக்கடையில் ஒதுங்கி நின்ற இசக்கிமணி, சாரலில் நனைந்தபடி சாலையைக் கடந்து ஓடி வந்தான். "என்ன சொன்னாரு?"

"உங்க மேல தப்பே இல்லையாம். ஆறு மணிக்கு மேல வண்டி ஷெட்ட விட்டு நகரவே இல்லன்னு மிஷினு சொல்லிட்டுது" என்றாள் அனுசியா.

அவன் பெருமூச்சு விட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப, 'ஓனருக்குத் தெரியாம வேன எடுத்து ஒரு வாடகை ஓட்டிட்டு வாரேன்'னு தெனமும் என்கிட்டச் சொல்லிட்டு, ராத்திரி வரைக்கும் எங்கன போயிட்டு வந்திய?"