கம்பெனி உயரம்

ஷாகுல் பாய் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

ஜீப்பின் உயரத்தை இறக்கத்தான் வேண்டுமா என்று மறுபடியும் கேட்டார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பேசினால் அழுகை வந்துவிடும். பட்டறையில் நின்று அழுது தொலைக்கவா மலையிலிருந்து இறங்கி வந்தாள்?

"தம்பி கேட்டா நான் என்னக்கா சொல்றது?"

தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள்.

அந்த ஜீப்பை உயர்த்திக் கொடுத்ததே பாய்தான். அவள் மகன் பிரிட்டோ கூடவே நின்று ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்துப் பார்த்து மாட்ட வைத்தான். தடித்த ஸ்பிரிங் பட்டைகள், பெரிய டயர்கள். வண்டியைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. அவளால்தான் அதில் ஏற முடியாது. அவன் இடுப்பைப் பிடித்து அலாக்காகத் தூக்கி உள்ளே உட்காரவைப்பான். மாதாவே, விட்டுவிடாதேடா என்று கத்துவாள். அவனுக்கு ஒரே சிரிப்பு.

இப்போது அவனைத் தூக்க நாலு பேர் வேண்டும்.

பாறையிலும் ஓடையிலும் அந்த வண்டியை ஏற்றி இறக்கியவனுக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. வத்தலக்குண்டில், நல்ல தார் ரோட்டில், கூட்டாளியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனபோது விழுந்தான். இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

யாரைத் திட்டுவது?

வீட்டுக்கு வந்த அன்றே சொல்லிவிட்டான். டயர் கெட்டுப்போகாமல் ஜீப்பைக் கல் மேல் ஏற்றி வைக்க வேண்டும். தான் எழுந்து ஓட்டுகிற அன்றைக்குத்தான் இறக்க வேண்டும். அதுவரை ஒருவரும் தொடக் கூடாது.

ஒருவரும் தொடவில்லை.

அவர்கள் வீட்டு மண்பாதையில் கார் ஏறாது. திண்டுக்கல்லில் காட்டப் போவதென்றால் வாடகை ஜீப்தான். ஒவ்வொரு தடவையும் அக்கம்பக்கத்து ஆண்கள் வந்து, கை ஒருவர் கால் ஒருவர் என்று பிடித்துத் தூக்கி ஏற்றுவார்கள். அவன் கண்ணை இறுக மூடிக்கொள்வான். ஒரு நாள் நடு வாசலில் கைலி அவிழ்ந்துவிட்டது. இனி எங்கேயும் வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான்.

பெற்ற வயிறு கேட்குமா? கெஞ்சிக் கூத்தாடி இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். அவள் தங்கை துணைக்கு இருந்தாள். இன்றைக்கு அனுப்புகிறார்கள்.

நடுவில் ஒரு நாள் டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நரம்பில் இனி முன்னேற்றம் இருக்காது, சக்கர நாற்காலியோடு வாழப் பழக்குங்கள் என்றார். வண்டி தாழ்வாக இருந்தால் பலகை போட்டு அவனே சறுக்கி ஏறிக்கொள்வான், யார் கையும் வேண்டியதில்லை என்றார்.

இரண்டையுமே அவள் மகனிடம் சொல்லவில்லை.

ஜீப்பை உயர்த்தியபோது கழற்றிய பழைய ஸ்பிரிங் பட்டைகள் கோழிக்கூட்டுத் தகரத்தின் மேல் பாரமாகக் கிடந்தன. எச்சத்தைச் சுரண்டி, துடைத்து, அவளே எடுத்து வந்தாள். வண்டியைக் கல்லிலிருந்து இறக்கிப் பாய்தான் பட்டறைக்கு ஓட்டி வந்தார்.

பாய் அவற்றை மாட்டினார். எங்கிருந்தோ தேடிப் பிடித்த சின்ன டயர்களையும் மாட்டினார். ஜாக்கியைத் தளர்த்தியதும் வண்டி அமுங்கித் தரையோடு உட்கார்ந்தது. கம்பெனியில் வந்த உயரம் இதுதான் என்றார். பட்டையில் பாரம் ஏறிய பிறகுதான் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டுமாம். அவளை ஏறி உட்காரச் சொன்னார்.

தானாகவே ஏறினாள். யாரும் தூக்கவில்லை.

ஏறிய வேகத்தில் மகனுக்குப் போன் போட்டாள்.

"ஜீப்பை இறக்கியாச்சுப்பா. அதுலயே வர்றேன்."



அவன் கேட்டான்.

"டாக்டர் உங்கிட்ட சொல்லிட்டாராம்மா?"

குரல் நடுங்கியது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது.

அவள் சொன்னது உயரத்தை. அவன் காதில் விழுந்தது கல்லிலிருந்து இறக்கியது, அவன் எழுந்து ஓட்டப்போகிற நாள். இரண்டுக்கும் இறக்குவது என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மாரடிக்கிறோம்.

இல்லைடா என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் சித்தியிடம் நீலச் சட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஷேவிங் செட்டைக் கேட்டான். சீக்கிரம் வாம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

பாய் மெதுவாகத்தான் ஓட்டினார். வழியெல்லாம் அவள் போனை எடுப்பதும் மடியில் வைப்பதுமாக வந்தாள். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. மனசு வரவில்லை. பாவம், திண்டுக்கல் போய்ச் சேருகிற வரைக்குமாவது சந்தோஷமாக இருக்கட்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியில் காத்திருந்தான். மழித்த முகம், நீலச் சட்டை. கழுத்தை நீட்டி, வருகிற வண்டிகளின் தலைக்கு மேலே ஜீப்பைத் தேடிக்கொண்டிருந்தான். எதிரே வந்து நின்ற பிறகும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

நம்பரைப் பார்த்தான். டயரைப் பார்த்தான். அவள் இறங்கியபோது கையில் இருந்த பலகையைப் பார்த்தான்.



பாய் இறங்கி, தான் ஓட்டி வந்த பக்கத்துக் கதவை அகலத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றார். என்ன நினைத்துத் திறந்தாரோ.

பிரிட்டோ சக்கரங்களைத் தள்ளிக்கொண்டு அந்தக் கதவு வரைக்கும் வந்தான். ஸ்டியரிங்கில் கை வைத்தான்.

பிறகு கையை எடுத்தான். நாற்காலியைத் திருப்பி, வண்டியின் முன்னால் சுற்றிக்கொண்டு, இடது பக்கக் கதவுக்குப் போனான்.

"பலகையைக் குடும்மா."