பிரபுவின் மூக்கு

கோட்டைப் பூங்காவின் கல்லறை மண்டபத்தில், கல்லறை மேல் மல்லாந்து படுத்திருந்த பளிங்குப் பிரபுவின் முகத்தை மிலாடா வெந்நீரில் துடைத்துக்கொண்டிருந்தாள். அது அவள் வேலைதான். ஆனாலும் கணவர் ஓட்டாகருக்கு வயிறு எரிந்தது.

“எப்பவோ செத்தவனுக்கு வெந்நீர். கட்டின புருஷனுக்கு ஆறிப்போன சூப்.”

“பாசி போக வேண்டாமா?”

“அதுக்கு ஏன் கன்னத்தைத் தடவறே? மூக்கைப் பாரு, திமிர் பிடிச்ச மூக்கு. போன வருஷம் சிற்பி இவனுக்குப் புதுத் தலை வச்சதிலேருந்து நீ இங்கேயே பழிகிடக்கறே.”

“பழைய தலை யுத்தத்துல உடைஞ்சு போச்சு. பிரபுவோட படம் ஒண்ணுகூட இல்லையேன்னு சிற்பி தவிச்சாரு.”

“அப்புறம் யாரைப் பார்த்துச் செதுக்கினான்?”

மிலாடா துணியைப் பிழிந்தாள். “நம்ம கல்யாண போட்டோவை நான்தான் கொடுத்தேன்.”

ஓட்டாகர் தன் வழுக்கையைத் தடவியபடி குனிந்து பார்த்தார்.

“இந்தத் திமிர் பிடிச்ச மூக்குக்குத்தானே அன்னிக்குக் கழுத்தை நீட்டினேன்” என்றாள்.

ஓட்டாகர் அவள் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார்.

“காதோரம் அழுக்கு அப்படியே இருக்கு. இப்படியா துடைப்பாங்க?”